குமரியிலிருந்தே தொடங்கலாம்: உடற்பருமன், வளர்சிதை மாற்ற அறுவை சிகிச்சை ஆய்வுக்கு வரும் இளம் சர்ஜன்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை முடித்துவிட்டு ஆசாரிப்பள்ளத்திலோ, குலசேகரத்திலோ, மார்த்தாண்டம் பக்கத்துத் தனியார் மருத்துவமனையிலோ வேலைக்குச் சேரும் இளம் டாக்டர்களிடம் ஒரு தயக்கத்தைப் பார்க்கிறேன். ஆராய்ச்சி என்றால் வேலூர், சென்னை, டெல்லி. உடற்பருமன் அறுவை சிகிச்சையில் ஆராய்ச்சி என்றால் வெளிநாடு. நமக்கு ஓபியும் தியேட்டரும் போதும் என்று பத்து வருடம் ஓடிவிடுகிறது. பிறகு ஆசை வந்தாலும், அந்தப் பத்து வருடத்தில் ஆபரேஷன் செய்தவர்களில் ஒருவருடைய இன்றைய எடைகூடக் கையில் இருக்காது.

இந்தத் துறையில் ஆய்வு செய்ய முதலில் வேண்டியது ஆய்வகம் அல்ல. ஆபரேஷன் செய்தவரை ஐந்து வருடம் கழித்தும் தேடிப் பிடித்து, எடை பார்த்து, ரத்தம் எடுத்து, எழுதி வைக்கிற பழக்கம்தான் வேண்டும். ஒரு மணி, இரண்டு மணி நேரப் பயணத்தில் எந்த ஊருக்கும் போய்விடக்கூடிய, 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகம் பெற்ற இந்த மாவட்டத்தில், பெருநகரத்தைவிட அது எளிது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு நம்பிக்கையை வைத்துத்தான்.

முதலில் துறையின் கதையைப் படியுங்கள்

எடையையும் சர்க்கரை நோயையும் குறைக்க இரைப்பையிலும் குடலிலும் செய்யும் வளர்சிதை மாற்ற அறுவை சிகிச்சை, வயிற்றுப் புண் ஆபரேஷனிலிருந்து பிறந்தது. வயிற்றுப் புண் ஆபரேஷனில் நம் மண்ணுக்கு ஒரு பெயர் உண்டு. 1922 எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்த ஹோவர்ட் சாமர்வெல், நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்து பார்த்து, இங்கேயே சர்ஜனாகத் தங்கிவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட் போனார், திரும்பவும் நெய்யூர்தான். தென் திருவிதாங்கூரில் அன்று டியோடினல் அல்சர் (டியோடினம் என்ற சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் வரும் புண்) மிகச் சாதாரணம். அதற்கான ஆபரேஷன்களை ஆண்டுக்கணக்கில் செய்து, பதிவு செய்து, இரைப்பை, சிறுகுடல் அறுவை சிகிச்சை பற்றி அவர் எழுதினார். அன்றைய நெய்யூரில் இருந்த வசதியோடு ஒப்பிட்டால், இன்று உங்கள் வார்டில் இருக்கும் வசதி பல மடங்கு.

அதே வகை ஆபரேஷன்கள் அமெரிக்காவிலும் நடந்தன. இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்தபின் சிலருக்குச் சர்க்கரை நோய் தணிந்ததை 1955-ல் ஃப்ரீட்மன் குழுவினர் எழுதினார்கள். அல்சருக்காக இரைப்பையை வெட்டியவர்கள் எடை கூடாமல் இருப்பதைக் கவனித்த எட்வர்ட் மேசன், 1966-ல் அயோவாவில் முதல் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் ஆபரேஷன்) செய்தார். யாரும் புதிதாகக் கருவி கண்டுபிடிக்கவில்லை. ரிவியூவுக்கு வந்த நோயாளியை உற்றுப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

1995-ல் அமெரிக்க சர்ஜன் வால்டர் போரிஸ் வெளியிட்ட கட்டுரையை ஒவ்வொரு பிஜியும் (மேற்படிப்பு மாணவரும்) ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். 14 வருடத்தில் 608 பேருக்கு இரைப்பை பைபாஸ். அவர்களில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்த 146 பேரில் 121 பேருக்கு ரத்தச் சர்க்கரை இயல்பானது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இன்னொரு எண்: 608 பேரில் தொடர்பு விட்டுப்போனவர்கள் 17 பேர் மட்டுமே. அந்த வேலை நடந்தது நியூயார்க்கில் இல்லை, வட கரோலினாவில், கிராமப்புறம் சூழ்ந்த கிரீன்வில் என்ற சிறு நகரத்தில். 17 என்ற அந்த எண்தான் கட்டுரைக்கே எடை கொடுத்தது. 200 பேர் காணாமல் போயிருந்தால் உலகம் அதை நம்பியிருக்காது.

அதற்குப் பிறகு படிக்க வேண்டியவை: 1987-ல் தொடங்கி, அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2010 பேரையும் செய்யாத 2037 பேரையும் பல ஆண்டுகள் தொடர்ந்த ஸ்வீடன் ஆய்வு, டியோடினத்தை ஒதுக்கினாலே எலிகளில் சர்க்கரை குறைகிறது என்று 2004-ல் காட்டிய ரூபினோவின் சோதனை, ஸ்லீவையும் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய்போல் ஆக்கும் ஆபரேஷன்) பைபாஸையும் ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஃபின்லாந்து, சுவிட்சர்லாந்து ஆய்வுகள். கூடவே கிளீவ்லாந்தில் 150 பேரை வைத்து நடந்த ஸ்டாம்பீட் ஆய்வு. அதில் எச்பிஏ1சி (ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 6 அல்லது அதற்குக் கீழே வந்தவர்கள் ஒரு வருடத்தில் பைபாஸ் குழுவில் 42 சதவீதம், ஸ்லீவ் குழுவில் 37, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 12. ஐந்து வருடத்தில் அதுவே 29, 23, 5. ஒரு வருடத்தோடு நிறுத்தியிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பார்கள். மாநாடுகளில் நம்மவர்கள் காட்டும் ஆறு மாத ஸ்லைடுகளைப் பார்க்கும்போது இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அளவுகளைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள்

இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். இங்கே தவறினால் பின்னால் எந்தப் புள்ளியியல் நிபுணரும் காப்பாற்ற முடியாது.

160 சென்டிமீட்டர் உயரம், 110 கிலோ எடை உள்ள ஒரு பெண் என்று வையுங்கள். பிஎம்ஐ (கிலோ எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 43. ஸ்லீவ் முடிந்து ஒரு வருடத்தில் 82.5 கிலோ. மொத்த எடையில் அவர் இழந்தது 25 சதவீதம். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு வராது. ஆனால் 'கூடுதல் எடையில் எத்தனை சதவீதம் குறைந்தது' என்று கணக்கிட்டால், எது சரியான எடை என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பிஎம்ஐ 25 என்றால் அவருடைய சரியான எடை 64 கிலோ. கூடுதல் 46 கிலோ. குறைந்தது 60 சதவீதம். ஆசியர்களுக்கான 23-ஐ எடுத்தால் சரியான எடை சுமார் 59 கிலோ. அதே பெண்ணுக்கு விடை 54 சதவீதம். ஆபரேஷன் ஒன்று, நோயாளி ஒருவர், விடை இரண்டு. அதனால் மொத்த எடை இழப்பைக் கட்டாயம் எழுதுங்கள். மற்றதை எழுதினால் எந்த பிஎம்ஐயை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

பிஎம்ஐ எல்லைகளிலும் இதே கவனம் வேண்டும். இந்தியர்களுக்கு 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் உடற்பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அறுவை சிகிச்சைக்கு 1991-ல் அமெரிக்கர்கள் வகுத்த எல்லை 40. நோய்கள் கூட இருந்தால் 35. 2022-ல் சர்வதேசச் சங்கங்கள் அதை மாற்றி, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 35 என்றும், ஆசியர்களுக்கு 27.5 முதலே பரிசீலிக்கலாம் என்றும் சொல்லிவிட்டன. நீங்கள் எந்த வழிகாட்டுதலின்படி நோயாளியைச் சேர்த்தீர்கள் என்பது ஆய்வின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

'சர்க்கரை போய்விட்டது' என்பதற்கும் இலக்கணம் உண்டு. 2021-ல் உடன்பட்டபடி, சர்க்கரை மருந்தை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் ஆன பிறகும் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருக்க வேண்டும். மருந்து இருக்கும்போதே எடுத்த அளவு இதில் சேராது. நம் ஊர்ப் பெண்களில் இரும்புச்சத்துக் குறைவு மிகுதி. அது எச்பிஏ1சி-யைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். ஹீமோகுளோபின் பார்க்காமல் எச்பிஏ1சி-யை மட்டும் நம்பாதீர்கள்.

ஆபரேஷனுக்குப் பின்வரும் சிக்கல்களை 'சிறியது', 'பெரியது' என்று உங்கள் மனம்போல் எழுத வேண்டாம். சிக்கலுக்கு என்ன சிகிச்சை தேவைப்பட்டது என்பதை வைத்துத் தரம் பிரிக்கும், 2004-ல் வந்த கிளேவியன்-டிண்டோ தரவரிசை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே அந்தத் தரத்தை எழுதும் பழக்கம் வந்துவிட்டால் பாதி ஆய்வு முடிந்த மாதிரி.

எடை பார்க்கும் மெஷின் ஒன்றாகவே இருக்கட்டும். வார்டில் ஒன்று, ஓபியில் ஒன்று, டயட்டீஷியன் அறையில் ஒன்று என்று மூன்று இருந்தால் மூன்று எடை வரும். செருப்பைக் கழற்றி, சேலையோ கைலியோ ஒரே மாதிரி உடையில், முடிந்தால் ஒரே ஆளே பார்க்கட்டும்.

கேள்வியை இந்த ஊரிலிருந்தே எடுங்கள்

ஸ்லீவ் நல்லதா பைபாஸ் நல்லதா என்ற கேள்விக்குப் பெரிய நாடுகள் பணம் போட்டு விடை தேடிவிட்டன. அதைத் திரும்பச் செய்து பயனில்லை. குமரியில் இருப்பவர்தான் கேட்க முடியும் என்ற கேள்விகள் நிறைய இருக்கின்றன.

சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் தயாரித்த உணவுக் கேள்வித்தாளை இங்கே கொடுத்தால், அதில் இட்லியும் சப்பாத்தியும் இருக்கும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், சம்பா அரிசிச் சோறும், பயறு கஞ்சியும், ஏத்தங்காய் உப்பேரியும், மட்டிப் பழமும் இருக்காது. நோயாளியும் "சாப்பாடெல்லாம் கொஞ்சந்தான் சாரே" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் சரியான பெயரில் கேட்கவில்லை. மரச்சீனியைக் காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு, தேங்காய் எத்தனை மூடி, எண்ணெய் மாதத்துக்கு எத்தனை லிட்டர், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கும் ஒரு தாளைத் தயாரித்து, அது நம்பகமானதா என்று சோதித்துப் பார்ப்பதே ஒரு நல்ல முதல் ஆய்வு. ஸ்லீவ் செய்தவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறோம். விலைகூடிய புரதப் பொடியை எழுதித் தருகிறோம். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது; சாளையும் நெத்திலியும் நம் கரையில் இறங்குகின்றன. பொடி இல்லாமல், மீனும் பயறும் முட்டையும் வைத்து அந்த 60 கிராமை எட்ட முடியுமா? ஆறு மாதத்தில் ரத்தப் புரதமான அல்புமின் எப்படி இருக்கிறது? இதற்கு விடை கண்டுபிடித்தால் கேரளக் கரைக்கும் அது பயன்படும்.

பித்தப்பைக் கல் அடுத்தது. எடை வேகமாகக் குறைந்தால் கல் வரும் என்பது பாடப்புத்தகச் செய்தி. உங்கள் வாராந்திர லேப் கோலி (லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷன்) பட்டியலில் எத்தனை பேர் கடந்த ஒரு வருடத்தில் கடும் டயட்டாலோ, ஊசி மருந்தாலோ, ஆபரேஷனாலோ பத்து கிலோவுக்கு மேல் இழந்தவர்கள்? ஒரு வரிக் கேள்வி. கேஸ் ஷீட்டில் ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.

செமாகுளுடைட், டிர்செபடைட் என்ற எடை குறைக்கும் ஊசிகள் இப்போது இங்கேயும் புழக்கத்தில் வந்துவிட்டன. இந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் உணவு தங்கியிருக்கும் அபாயம் உண்டு. குடலிறக்கத்துக்கும் பித்தப்பைக்கும் பட்டியலில் இருப்பவர்களில் எத்தனை பேர் இந்த ஊசி போடுகிறார்கள், அதை நம்மிடம் சொல்கிறார்களா என்பதை அறிய மயக்கவியல் துறையோடு சேர்ந்து ஒரு கணக்கெடுப்பு செய்யலாம். புதிதாக வந்த விஷயத்தில் முன்னவர் பின்னவர் கிடையாது. இதில் நீங்களும் டெல்லியும் ஒரே கோட்டில்தான் நிற்கிறீர்கள்.

பேரியாட்ரிக் (உடற்பருமன்) ஆபரேஷன் உங்கள் மருத்துவமனையில் நடக்கவே இல்லை என்றாலும் கவலைப்பட வேண்டாம். பருமனானவர்களின் தொப்புள் குடலிறக்கம், அவர்களுடைய காயத் தொற்று, சர்க்கரைப் புண் கால், சிசேரியன் தழும்புக் குடலிறக்கம் எல்லாம் பொது அறுவை சிகிச்சைதான், உடற்பருமன் ஆய்வும்தான். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில், தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் பிஎம்ஐ 25-ஐத் தாண்டியவர்கள். இந்திய அளவில் அது 24 சதவீதம். அதே ஆய்வின் மாவட்ட அறிக்கை இலவசமாகக் கிடைக்கிறது. குமரி மாவட்டப் பக்கத்தை அச்செடுத்துத் துறை அறையில் ஒட்டுங்கள். உங்கள் கட்டுரையின் முன்னுரைக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

எத்திக்ஸ் கமிட்டி, பதிவு, ஒப்புதல்

பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டும் ஆய்வுக்கும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும். நோயாளியின் ஒப்புதல் பெறுவதிலிருந்து அங்கே கமிட்டி விலக்கு அளிக்கலாம். ஆனால் அந்த விலக்கைத் தர வேண்டியது கமிட்டி, நீங்கள் அல்ல. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளை ஒருமுறை படித்துவிட்டுப் போனால் கமிட்டி கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் தயாராக இருக்கும். கமிட்டி சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றதா என்று செயலரிடம் கேளுங்கள். 2019-ன் புதிய மருந்து, மருத்துவச் சோதனை விதிகளின்படி அது கட்டாயம்.

தனியார் மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் 'எங்களிடம் கமிட்டி இல்லை' என்று விட்டுவிடுகிறார்கள். மருந்துச் சோதனைகளுக்கான அந்த 2019 விதிகளே, கமிட்டி இல்லாத இடம் அதே நகரத்திலோ 50 கிலோமீட்டர் சுற்றளவிலோ இருக்கும் வேறொரு பதிவு பெற்ற கமிட்டியின் அனுமதியைப் பெற வழி வைத்திருக்கின்றன. குழித்துறையிலிருந்து நாகர்கோவில் அந்த வட்டத்துக்குள்தான் வருகிறது. முறையாகக் கடிதம் எழுதி, நிறுவனங்களுக்கிடையே ஒப்பந்தம் போட்டு அணுகுங்கள்.

நோயாளியை இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிடும் சோதனை என்றால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2018 ஏப்ரலுக்குப் பிறகு அங்கே பின்தேதியிட்ட பதிவு கிடையாது. கட்டணமும் கிடையாது. இதை விட்டுவிட்டால் நல்ல இதழ் எதுவும் கட்டுரையை எடுக்காது.

ஒப்புதல் படிவம் தமிழில் மட்டும் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதி இது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளத்தில் படித்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டிலும் தயாராக வையுங்கள். ஆய்வுக்காக மட்டும் எடுக்கும் ரத்தப் பரிசோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பதையும் அதில் எழுதுங்கள், அப்படியே நடந்துகொள்ளுங்கள். வைட்டமின் பி12 அளவைப் பார்க்க 100 பேருக்கு எவ்வளவு ஆகும் என்று லேபில் கேட்டுவிட்டுத்தான் ஆய்வின் அளவையே முடிவு செய்ய வேண்டும்.

எத்தனை பேர் வேண்டும்

துறைத் தலைவர் "ஐம்பது பேர் போதும்" என்று சொல்லிவிட்டால் அது மாதிரி அளவு ஆகிவிடாது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஸ்லீவ் முடிந்தவர்களில் பி12 குறைவு எத்தனை சதவீதம் என்று அறிய வேண்டும். 30 சதவீதம் இருக்கலாம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆறு சதவீதம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. நான்கை 30-ஆலும் 70-ஆலும் பெருக்கி, ஆறின் வர்க்கமான 36-ஆல் வகுங்கள். 233 வரும். ஐந்தில் ஒருவர் ரிவியூவுக்கு வரமாட்டார் என்றால் 292 பேரைச் சேர்க்க வேண்டும். உங்கள் இடத்தில் வருடத்துக்கு 20 ஆபரேஷன்தான் என்றால், இது உங்களுக்கான கேள்வி இல்லை. அல்லது மூன்று நான்கு மருத்துவமனைகள் சேர வேண்டும்.

இன்னொரு எளிய விதியும் கைவசம் இருக்கட்டும். '30 ஸ்லீவ் செய்தேன், ஒரு லீக்கூட (தையல் கசிவு) இல்லை' என்று ஒருவர் சொன்னால், மூன்றை 30-ஆல் வகுங்கள். அவருடைய உண்மையான லீக் விகிதம் 10 சதவீதம் வரைகூட இருக்கலாம் என்பதுதான் அந்தச் செய்தியின் பொருள். 300 பேருக்குப் பிறகும் லீக் இல்லை என்றால்தான் ஒரு சதவீதத்துக்குக் கீழே என்று சொல்லத் தொடங்கலாம்.

புள்ளியியல் அறிந்தவரை ஆய்வு முடிந்தபின் தேடாதீர்கள், தொடங்குமுன் பாருங்கள். மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறையில் கட்டாயம் ஒருவர் இருப்பார்.

ரிவியூ: ஆய்வின் உயிர் இங்கேதான்

டிஸ்சார்ஜ் அன்றே மூன்று போன் எண்கள் வாங்குங்கள்: நோயாளியுடையது, வீட்டில் உள்ள ஒருவருடையது, பக்கத்து வீட்டாருடையதோ சொந்தக்காரருடையதோ. சம்மதத்தோடுதான். முகவரியில் கதவு எண்ணை மட்டும் எழுதினால் இங்கே யாரையும் கண்டுபிடிக்க முடியாது. எந்த ஜங்ஷன், எந்த சர்ச், எந்தக் கோயில், எந்த ரேஷன் கடை என்று எழுதுங்கள். ரிவியூ தேதியை நீங்கள் முடிவு செய்து சீட்டில் எழுதுவதைவிட, நோயாளியின் வருடம் எப்படி ஓடுகிறது என்று கேட்டு எழுதுங்கள்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து விசைப்படகுக்காரர்களுக்கு மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தூத்தூர் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டார். அவருடைய வருட ரிவியூவைத் தடைக்காலத்தில் வையுங்கள், வருவார். வளைகுடாவில் வேலை செய்பவர் விடுமுறையில் எப்போது வருவார் என்று மனைவிக்குத் தெரியும்; பலர் கிறிஸ்துமஸை ஒட்டி வருவார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியற்காலை வேலை முடித்துத்தான் வர முடியும். அவரை எட்டு மணி ஓபிக்கு வரச் சொன்னால் அன்றைய கூலி போய்விடும். இதையெல்லாம் கணக்கில் எடுத்தால் தொடர்பு விட்டுப்போகிறவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறையும் என்றே நான் நம்புகிறேன்.

போன் செய்பவர் யார் என்பதும் முக்கியம். வார்டில் அவரைக் கவனித்த நர்ஸ் அக்காவே பேசினால் நோயாளி வருவார். முன்பின் தெரியாத குரல் 'ஆஸ்பத்திரியிலிருந்து' என்றால் பயந்துபோவார், அல்லது பணம் கேட்கப் போகிறார்கள் என்று நினைப்பார். எடை திரும்ப ஏறியவர்கள்தான் பெரும்பாலும் வராமல் இருக்கிறார்கள். வெட்கம். அவர்களை விட்டுவிட்டு, வந்தவர்களை மட்டும் கணக்கெடுத்தால் உங்கள் முடிவு இயல்பாகவே அழகாகத் தெரியும். அது உண்மை அல்ல. "எடை கூடினாலும் பரவாயில்லை, வாங்க, பாத்துக்கலாம்" என்ற ஒரு வாக்கியத்தைப் போன் செய்பவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பதிவை எக்செல் தாளில் தொடங்கலாம். ரெட்கேப் போன்ற ஆய்வுத் தரவு மென்பொருள் கல்லூரியில் கிடைத்தால் மிக நல்லது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் ஆய்வு எண்; பெயரும் போன் எண்ணும் உள்ள கோப்பு தனியாக, கடவுச்சொல்லோடு. தேதி எழுதும் முறையை முதல் நாளே முடிவு செய்யுங்கள். 'இல்லை' என்பதும் 'கேட்கவில்லை' என்பதும் வெவ்வேறு. காலிக் கட்டம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். காயத்தின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஆலோசிக்கும் பழக்கத்தை ஆய்வில் நுழைய விடாதீர்கள்.

தனியாக நிற்காதீர்கள்

இந்திய மருத்துவமனைகளும் சேர்ந்த இரண்டு பெரிய ஆய்வுகளைப் படியுங்கள். 2021-ல் வந்த ஃபால்கன், ஏழு நாடுகளில் 5788 நோயாளிகள்: விலைகூடிய ட்ரைக்ளோசான் பூசிய தையல் நூல் காயத் தொற்றைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. 2022-ல் வந்த சீட்டா, 13,301 நோயாளிகள்: வயிற்றை மூடுமுன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினால் தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைகிறது என்றது. கேள்வி எவ்வளவு சாதாரணம் பாருங்கள். எந்த அரசு மருத்துவமனை தியேட்டரிலும் கேட்கக்கூடியது. இப்படிப்பட்ட கூட்டு ஆய்வுகளில் சேரும் மருத்துவமனைகளில் தரவு சேகரிக்கும் பிஜியும் கூட்டு ஆசிரியராகப் பட்டியலில் வருவார். பேரியாட்ரிக் செய்பவர்கள் இந்திய உடற்பருமன், வளர்சிதை மாற்ற அறுவை சிகிச்சைச் சங்கத்தில் சேர்ந்து, அதன் பதிவேட்டில் தங்கள் நோயாளிகளைப் பதியலாம்.

மாவட்டத்துக்குள்ளும் ஒரு கூட்டணி வேண்டும்: சர்க்கரை நோய் மருத்துவர், மயக்கவியல், டயட்டீஷியன், லேப். பக்கத்திலேயே திருவனந்தபுரம் இருக்கிறது. அங்கே மாதக் கூட்டங்களுக்குப் போய் உட்காருங்கள்.

படிப்பு, நிதி

சென்னையில் உள்ள ஐசிஎம்ஆர் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை உயிர்மருத்துவ ஆராய்ச்சிப் படிப்பை பிஜிக்கள் கட்டாயத்துக்காகக் கடக்கிறார்கள். அதையே ஆர்வத்தோடு இரண்டாம் முறை கேளுங்கள். எம்.எஸ். தீசிஸுக்கு ஐசிஎம்ஆர் நிதி உண்டு. எம்பிபிஎஸ் மாணவர்களுக்கு எஸ்டிஎஸ் என்ற குறுகிய கால ஆராய்ச்சித் திட்டம் உண்டு. ஆர்வமுள்ள ஒரு மாணவருக்கு நீங்கள் வழிகாட்டியாக இருந்தால் இரண்டு பேருக்குமே அது தொடக்கம். லேப்ராஸ்கோப்பியில் கை பழக தேசியத் தேர்வு வாரியத்தின் எஃப்என்பி போன்ற ஃபெலோஷிப் போகிறவர்கள், அந்த இடத்தில் ரிவியூ பதிவேட்டை எப்படி வைத்திருக்கிறார்கள் என்றும் பார்த்து வாருங்கள்.

எழுதுவதும் அனுப்புவதும்

கவனித்து எழுதும் ஆய்வுக்கு ஸ்ட்ரோப், குழு பிரித்த சோதனைக்குக் கன்சார்ட், அறுவை சிகிச்சை கேஸ் ரிப்போர்ட்டுக்கு ஸ்கேர் என்று சரிபார்ப்புப் பட்டியல்கள் இலவசமாக இருக்கின்றன. எழுதி முடித்தபின் டிக் அடிக்க அல்ல, தொடங்குமுன் படிக்க. முதலில் அட்டவணைகளைப் போடுங்கள், பிறகு முறை, பிறகு முடிவு, கடைசியில் முன்னுரை.

'48 மணி நேரத்தில் ஏற்பு, பணம் கட்டினால் பிரசுரம்' என்று மெயில் அனுப்பும் இதழ்களைத் தொடாதீர்கள். பதவி உயர்வுக்காக அவசரப்பட்டு அங்கே கொடுத்த நல்ல தரவைத் திரும்ப எடுக்க முடியாது. இதழ் பப்மெட், ஸ்கோபஸ், டிஓஏஜே போன்ற ஆய்விதழ்ப் பட்டியல்களில் உண்மையிலேயே இருக்கிறதா என்று அந்தத் தளங்களிலேயே போய்த் தேடுங்கள், இதழின் பக்கத்தில் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஆசிரியர் பட்டியலை ஆய்வு தொடங்கும் நாளிலேயே காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேலை செய்யாதவர் பெயரைச் சேர்ப்பது மரியாதை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நான் ஏற்கவில்லை. பெரியவர்களுக்கு நன்றி சொல்ல அதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மாறாக, மூன்று வருடம் நோயாளிகளுக்குப் போன் செய்த நர்ஸ், முடிவுகளைப் படித்துத் திருத்தமும் சொன்னால், அவருக்கு ஆசிரியர் ஆகும் தகுதி வருகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியை எழுதப் பயன்படுத்தினால் அதைத் தெரிவிக்க வேண்டும். அதை ஆசிரியராகப் போட முடியாது.

கட்டுரை திரும்பி வரும். நிபுணர்கள் எழுதிய குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்குக் கீழே பதில் எழுதி, திருத்தி, அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.

இடமாறுதல் வரும்போது

அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு இது நிச்சயம் வரும். பதிவேடு உங்கள் லேப்டாப்பில் இருந்தால் உங்களோடு போய்விடும். நோயாளிகள் இங்கேயே இருப்பார்கள். அதனால் முதல் நாளிலிருந்தே அது துறையின் சொத்தாக இருக்கட்டும். எத்திக்ஸ் கமிட்டிக்கு முதன்மை ஆய்வாளர் மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள். கடவுச்சொல், கோப்புகள், ஒப்புதல் படிவங்கள் இருக்கும் அலமாரிச் சாவி எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு, பொறுப்பேற்பவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். அடுத்த மாத ரிவியூ பட்டியலை, நீங்கள் இன்னும் அங்கே இருக்கும்போதே, பொறுப்பேற்பவர் கையாலேயே ஒருமுறை போட வைத்து, முதல் பத்துப் பேருக்குப் போன் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.